ரோமாபுரிக்கு ஆள் எடுக்கிறார்கள்

கிருபாகரன் பிணத்துக்கு மப்ளர் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு சுத்து சுத்துங்கோ" என்றாள் தோர்க்கஸ். "கசியுது பாருங்."

சுற்றினான். சிவப்புக் கம்பளித் துணி. தொண்டை கட்டிக்கொண்டால் ரோமாபுரிப் பெரிய மனிதர்கள் கழுத்தில் போட்டுக்கொள்வது. டெசிமுஸ் கல்வேனுஸுக்குத் தொண்டை கட்டவில்லை. கட்டுவதற்குத் தொண்டையே சரியாக இல்லை. கால் மணி நேரத்துக்கு முன் அவருடைய நாவிதன் ஒரே இழுப்பில் அதை இரண்டாக்கினான். பிறகு கத்தியைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, கொல்லைச் சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். தொழில் சுத்தம். விடுதலை தருகிறேன் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்த எஜமானர், இன்று காலை முகத்தில் நுரை இருக்கும்போதே "என்ன விடுதலை? யார் சொன்னது?" என்று கேட்டுச் சிரித்தாராம். கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்கும் கேள்வியா அது?

பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. வெளி வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள். தும்மலும் செருமலும் காதில் விழுந்தன.

"நெசமாவே இவரைக் கூடத்துல கொண்டுபோய் உக்கார வெக்கப் போறீங்களா?"

"வேற வழி? வாசலைத் திறக்கலைன்னா அத்தனை பேரும் ஏன்னு கேப்பாங்க."

தோர்க்கஸ் சிரியாக்காரி. செத்துப்போன எஜமானிக்கு இருபது வருடம் முகப்பூச்சுப் போட்டவள். அவள் பேசியது லத்தீன்தான். ஆனால் கிருபாகரனின் காதுக்குள் பொருத்தி அனுப்பிய மொழிபெயர்ப்புச் சில்லுக்கு நிரல் எழுதியவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஆகவே செனட்டர் முதல் செருப்புத் தைப்பவர் வரை ரோமாபுரி முழுவதும் அவனுக்குக் கொங்குத் தமிழ் பேசியது. ராசிபுரத்துப் பையனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

அவள் கிண்ணத்தில் சிவப்பைக் குழைத்துக் கல்வேனுஸின் கன்னத்தில் தடவ ஆரம்பித்தாள். கிருபாகரன் சுவர்ப் பக்கம் திரும்பி, கடைவாய்ப் பல்லை இரண்டு முறை கடித்தான். பல்லுக்குள் மணி அடித்தது.

"யவனா மேன்பவர் சர்வீஸ், வணக்கம்."

"சார், கிருபாகரன் பேசறேன். ரோம். கல்வேனுஸ் வீடு."

"அடடே, தம்பி! டிபன் ஆச்சா?"

எழும்பூரில் இரண்டாவது மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஜெபநேசனின் குரல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடங்களைத் தாண்டியும் வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"ஓனரைக் கொன்னுட்டாங்க சார்."

"ஓ... இன்னைக்கா?" ஒரு காகிதம் புரளும் சத்தம். "அடப்பாவமே. யாரு?"

"பார்பர். ஒருத்தன்தான். ஓடியும் போயிட்டான். நாங்க நாப்பது பேர் இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா கொலைன்னு வெளிய தெரிஞ்சா எல்லாரும் செத்தோம்னு இங்க சொல்றாங்க. சமையக்காரன் வாந்தி எடுக்கறான். ஏன் சார்?"

"அது அங்க ஒரு சட்டம் இருக்கு தம்பி. வீட்டு எஜமானனை ஒரு அடிமை கொன்னா, அந்த நேரத்துல அந்தக் கூரைக்குக் கீழ இருந்த அத்தனை அடிமையையும் கொன்னுடுவாங்க."

"செஞ்சவன் ஒருத்தன் சார்!"

"மீதிப் பேரு ஏன் தடுக்கலைன்னு கேப்பாங்க."

"விசாரிக்க மாட்டாங்களா?"

"ஏன் விசாரிக்காம? நாகரிகமான ஊராச்சே. ஆனா அடிமையோட சாட்சி, சித்திரவதை பண்ணி வாங்கினாத்தான் கோர்ட்டுல செல்லும். விசாரணை முடிஞ்சதும் சிலுவை."

"இதை நீங்க இன்டர்வியூல சொல்லவே இல்லையே சார்."

"பதினேழாம் பக்கத்துல இருக்கு தம்பி. 'பணியிட ஒழுங்கு நடவடிக்கைகள்'. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டீங்களே."

போட்டிருந்தான். அறுபத்து நாலு பக்கம். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடமெல்லாம் போட்டிருந்தான். பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணத்திலிருந்து கல்லூரிக் கடன் வரை அவன் கையெழுத்திட்ட எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. படித்தால் கவுண்டரில் இருப்பவர் கோபித்துக்கொள்வார்.

"என்னைக் கூப்பிட்டுக்கங்க சார். இப்பவே. வாசலைத் திறங்க."

"அது முடியாது தம்பி. நீங்க இப்ப அவங்க சொத்து. சொத்தை எடுத்துட்டு வந்தா திருட்டு. நம்முது கிளீன் கம்பெனி. விடுதலைப் பத்திரம் கைக்கு வந்த மறுநிமிஷம் காலவாசலைத் திறந்துடுவோம், அதுல மாத்தமே இல்ல. உயில்ல உங்க பேரு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா கொலைன்னு தெரிஞ்சா எங்களையெல்லாம் முடிக்கற வரைக்கும் உயிலைப் பிரிக்கவே மாட்டாங்களாம்."

"அப்ப இயற்கை மரணமா இருந்தா சௌரியம்."

"தலை தொங்குது சார்!"

"ட்ரை பண்ணுங்க. ஆல் தி பெஸ்ட்."

பல் அணைந்தது.

கிருபாகரன் ரோமுக்கு வந்த கதை நீளமானது அல்ல. மெக்கானிக்கல் முடித்துவிட்டு மூன்று வருடம் உணவுப் பொட்டலம் சுமந்தான். அப்போதுதான் அரசாங்கம் காலவாசலைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. விஞ்ஞானிகள் அதை வைத்துப் பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பார்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எழும்பூரில் பதினாறு மேன்பவர் ஏஜென்சிகள் முளைத்துவிட்டன. துபாய்க்கு ஆள் அனுப்பியவர்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. 'ரோமில் நிரந்தர வேலை. உணவு, தங்குமிடம் இலவசம். விடுதலை பெற்றவுடன் குடியுரிமை.' அடிமை என்ற சொல் விளம்பரத்தில் எங்கும் இல்லை. 'ஃபமிலியா உறுப்பினர்' என்று போட்டிருந்தது. "அங்க வீட்டு வேலை செய்யறவங்களையும் சேர்த்துத்தான் குடும்பம்னே சொல்லுவாங்க தம்பி" என்று ஜெபநேசன் உருகினார். நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான். வரலாறு படித்திருக்கிறீர்களா? பத்தாவதோடு விட்டாச்சு சார் என்றதும் எழுந்து கைகொடுத்தார்.

தங்கை கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குக் கீழே 'ரோம்' என்று அச்சடித்தார்கள். சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போனார்கள்.

கல்வேனுஸ் அவனை வாங்கியது நினைவாற்றலுக்காக. ரோமில் ஒரு பெரிய மனிதனுக்குச் செல்வம், பதவி எல்லாவற்றையும்விட முக்கியம், காலையில் அவன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான். விடிவதற்குள் வந்து வரிசையில் நின்று, உள்ளே போய் வணங்கி, ஒரு கூடை ரொட்டியும் தொத்திறைச்சியும் வாங்கிக்கொண்டு, முடிந்தால் ஒரு சிபாரிசும் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும். அப்படி விசாரிக்க எந்தப் பெரிய மனிதனுக்கு நினைவிருக்கிறது? அதற்கென்று ஓர் அடிமை காதருகில் நின்று பெயரைக் கிசுகிசுப்பான். கிருபாகரன் படித்த உறைவிடப் பள்ளியில் கணக்கைக்கூட மனப்பாடம்தான் செய்யச் சொல்வார்கள். நூறு பெயர், நூறு மனைவி பெயர், நூறு வியாதி. மூன்றே நாளில் ஒப்பித்துவிட்டான். கல்வேனுஸ் அசந்துபோய் உயிலில் அவன் பெயரையும் சேர்த்தார்.

அந்தக் காதில்தான் இப்போது ரத்தம் உறைந்திருந்தது. தோர்க்கஸ் அதை ஈரத்துணியால் துடைத்தாள்.

"தலை நிக்க மாட்டேங்குதுங்."

சாய்வு நாற்காலியின் முதுகில் ஒரு விளக்குத் தண்டைச் செருகி, மப்ளரோடு சேர்த்து இறுக்கினார்கள். நான்கு பேர் கல்வேனுஸை நாற்காலியோடு தூக்கிக் கூடத்தில் வைத்தார்கள். கூரைத் திறப்பிலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் விழாதபடி கிருபாகரன் திரையை இழுத்துவிட்டான்.

"எல்லாரும் கேளுங்க" என்றான். முப்பத்தெட்டு பேர் சுவரோரம் நின்று நடுங்கினார்கள். "ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பேச மாட்டாரு. அழறவன் பின்கட்டுக்குப் போயிரு. கதவைத் திறங்க."

முதலில் வந்தவர் வக்கீல் பெத்ருசியுஸ். கிருபாகரன் வழக்கப்படி குனிந்து எஜமானர் காதில் பெயரைச் சொன்னான். எஜமானர் வழக்கப்படி எதுவும் உணரவில்லை.

"வணக்கமுங்க ஐயா. தொண்டைங்களா? எனக்கும் போன வாரம் இப்படித்தானுங்க." கண் முழுவதும் கூடைகள் அடுக்கியிருந்த மேசைமேல். "இன்னைக்குத் தொத்திறைச்சி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்" என்றாள் தோர்க்கஸ். வக்கீல் கூடையை வாங்கிக்கொண்டு பிணத்துக்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆள். மூன்றாவது. பத்தாவது. இருபதாவது ஆள் போனபோது கிருபாகரனுக்கு ஒன்று புரிந்தது. இந்த ஊரில் யாருமே கல்வேனுஸின் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்று வருடமாக அவன் பின்னால் நின்று பார்த்த இத்தனை கண்களும் முதலில் கூடைக்கும், பிறகு தரைக்கும், பிறகு வாசலுக்கும்தான் போயிருக்கின்றன. செத்த மனிதனைவிட உயிரோடிருந்த கல்வேனுஸ்தான் தொந்தரவு. சில சமயம் கேள்வி கேட்பார்.

கவிஞர் ஒருவர் எஜமானரைச் சூரியனோடு ஒப்பிட்டு இருபது அடி பாடினார். "இந்த மௌனத்தைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாமுங்க" என்று கண்ணைத் துடைத்தார். உயிரோடிருந்தபோது கல்வேனுஸ் நான்காவது அடியில் கொட்டாவி விடுவார்.

அப்புறம் சாக்கடைக் காண்ட்ராக்டர் நுமேரியுஸ் வந்தார். இவர் லேசில் போகமாட்டார்.

"அவெந்தீன் குன்றுச் சாக்கடை வேலைங்க ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு."

கல்வேனுஸ் பேசவில்லை.

"சரிங்க. நாலுல ஒரு பங்கு."

மௌனம். அப்படி ஒரு நிதானத்தை நுமேரியுஸ் வாழ்நாளில் சந்தித்ததில்லை. நெற்றி வியர்த்தது.

"மூணுல ஒண்ணுங்க! அதுக்கு மேல போனா நான் சாக்கடையில மண்ணைத்தான் கொட்டோணும். கொஞ்சம் மனசு வெய்யுங்க."

விளக்குத் தண்டு நழுவியது. கல்வேனுஸின் தலை மெதுவாக, பெருந்தன்மையோடு முன்பக்கம் கவிழ்ந்தது. கிருபாகரன் பாய்ந்து தாங்கினான். நுமேரியுஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காலில் விழுந்தார், எழுந்து கையைப் பிடித்து முத்தமிட்டார், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயாவுக்குக் கை ஐஸ் மாதிரி இருக்குதுங்களே?"

கிருபாகரன் அந்தக் கையை அங்கிக்குள் தள்ளினான்.

"மூணுல ஒரு பங்குன்னா யாருக்குத்தான் கை சில்லிடாது?" என்றாள் தோர்க்கஸ்.

நுமேரியுஸ் வெகுநேரம் சிரித்துவிட்டுப் போனார். இரண்டு கூடை எடுத்துக்கொண்டதை யாரும் தட்டிக் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாவது ஆள் வரிசையில் வரவில்லை, நேராக உள்ளே வந்தான். எஜமானரின் தங்கை மகன் ருஃபுஸ். முப்பது வயது. வாசனைத் தைலம் அவனுக்கு முன்னால் வந்து, அவன் போன பிறகும் நிற்கும். அவன் ஒருவன்தான் முகத்துக்கு முகம் வைத்துக் கன்னத்தில் முத்தமிடும் உரிமை உள்ளவன். வாரிசும் அவனே.

"மாமா, தொண்டைங்களாமே?" குனிந்தான். முத்தமிட்டான். நிமிர்ந்தபோது அவன் உதட்டில் தோர்க்கஸின் சிவப்பு அப்பியிருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தான். மப்ளரின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினான். உள்ளே பார்த்தான். திருப்பி மூடினான்.

"மாமனுக்கு ஓய்வு வேணும். மீதிப் பேரு கூடையை வாங்கிட்டுக் கெளம்புங்க."

வாசல் கதவு சாத்தப்பட்டது. ருஃபுஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாரு செஞ்சது?"

"நாவிதன். ஓடிட்டானுங்க" என்றான் கிருபாகரன்.

"உங்க நாப்பது பேருக்கும் என்ன ஆகும்னு தெரியுமாடா, இந்துஸ்?" இந்தியாவிலிருந்து வந்தவன் என்று கல்வேனுஸ் வைத்த பெயர். நாய்க்கு வைப்பது மாதிரிதான் வைத்தார், ஆனால் நாய்க்கு நல்ல பெயராக வைத்திருந்தார்.

"தெரியுமுங்க."

"நான் இப்ப வெளிய போயி நகரக் காவலரைக் கூப்பிடோணும். அதுதான் சட்டம். சட்டத்தை மதிக்கலைன்னா நாளைக்கு என் வீட்டு நாவிதன் என்ன செய்வான்?"

சுவரோரம் யாரோ விம்மினார்கள். சமையல்காரனின் மகள். ஆறு வயது. அவளும் அந்த நாற்பதில் ஒருத்தி. சட்டத்தில் வயது வரம்பு எதுவும் இல்லை.

கிருபாகரன் யோசித்தான். இரக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. நியாயத்தைக் கேட்டாலும் பயனில்லை. இந்த மனிதனுக்கு வலிக்கும் இடம் எது? காலைப் பார்த்தான். செருப்பு வார் இரண்டும் அழகாக முடிச்சிட்டிருந்தன.

"ஐயா, இன்னைக்குக் காலையில செருப்பு மாட்டிவிட்டது யாருங்க?"

"என் ஆளு. ஏன்?"

"அவன் பேரு?"

ருஃபுஸ் விழித்தான். "பேரு... அவனுக்கு ஏதோ இருக்கும்."

"நாளைக்கு இந்த வீடு உங்களுதுங்க. விடியறதுக்குள்ள அந்த நூறு பேரும் உங்க வாசல்ல நிப்பாங்க. மாமாவுக்கு அப்புறம் நீங்க பெரிய மனுசனா இல்லையான்னு அன்னைக்கு ஒரே நாள்ல முடிவு கட்டிருவாங்க. இப்ப கொஞ்சம் முன்னாடி உங்க தோளைத் தட்டிட்டுப் போனாரே, ஒத்தைக் காதுக்காரரு. அவரு பேரு என்னங்க?"

ருஃபுஸ் வாசலைப் பார்த்தான். கதவு உதவி செய்யவில்லை.

"அவரு அவிலியுஸ். துறைமுகத்துல எட்டுக் கப்பலு. பொண்டாட்டி பேரு செக்குந்தா. மூத்த பையன் பேரைக் கேக்கக் கூடாது, வீட்டை விட்டு ஓடிட்டான். மூட்டு வலியைக் கேட்டா அழுதுருவாரு, அப்புறம் என்ன கேட்டாலும் குடுப்பாரு." கிருபாகரன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். உறைவிடப் பள்ளியில் பிரம்புக்கு முன்னால் ஒப்பித்த அதே வேகம். "பெத்ருசியுஸ், வக்கீல், குடல் இறக்கம். நுமேரியுஸ், சாக்கடை, மூணுல ஒரு பங்கு, அதுவும் இன்னைக்குக் காலையிலதான் படிஞ்சது. இந்த நூறு பேரும் எங்க இருக்காங்க தெரியுங்களா? இங்க." தன் தலையைத் தொட்டான். "இதைச் சிலுவையில தொங்கவிட்டீங்கன்னா நாளைக்கு உங்க வாசல்ல நிக்கறது நூறு அந்நியனுங்க."

நாற்பது உயிர், ஆறு வயதுக் குழந்தை, சட்டம், தர்மம் எதுவும் தொடாத அவன் முகத்தில் முதல் தடவையாக உண்மையான பயம் தெரிந்தது. பெயர் தெரியாமல் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் பயம்.

"காய்ச்சல்" என்றான் கடைசியில். "மூணு நாளா விடாத காய்ச்சல். கழுத்துத் துணியோடவே எரிக்கறோம். தொத்து வியாதின்னு சொல்லி யாரையும் பக்கத்துல விடாதீங்க."

சமையல்காரன் மறுபடி வாந்தி எடுத்தான், இந்த முறை நிம்மதியில்.

கல்வேனுஸ் மப்ளரோடு எரிந்தார். இறுதி ஊர்வலத்தில் கவிஞர் எழுபது அடி பாடினார். எட்டாவது நாள் ஏழு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையை உடைத்து உயிலைப் படித்தார்கள். பத்துப் பேருக்கு விடுதலை. தோர்க்கஸ் இருந்தாள், சமையல்காரனும் மகளும் இருந்தார்கள். கடைசிப் பெயர் கிருபாகரனுடையது. மற்ற முப்பது பேரும் ருஃபுஸின் சொத்து, ஆனால் உயிரோடிருக்கும் சொத்து. விடுதலையானவனுக்கு எஜமானரின் பெயரே குடும்பப் பெயர் என்பதால், ராசிபுரம் கிருபாகரன் அன்று மதியம் முதல் டெசிமுஸ் கல்வேனுஸ் இந்துஸ், ரோமானியக் குடிமகன்.

"சுதந்தரம் கெடச்சிருச்சுன்னு நாளைக்குத் தாமதமா வராத" என்றான் ருஃபுஸ். "விடுதலையானவன் எசமானுக்குக் கடமைப்பட்டவன். வெடியறதுக்குள்ள வரிசையில நிக்கோணும். அப்புறம் என் காதுகிட்ட வந்து நில்லு."

"கூடை உண்டுங்களா?"

"மத்தவங்களுக்கு என்னவோ அதுதான்."

நாளைக்கு எவன் வரப்போகிறான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு கிருபாகரன் உள்முற்றத்துக்குப் போனான். விடுதலையான ஒன்பது பேரும் மூட்டை கட்டி வாசலருகே நின்றார்கள். அவனை வழியனுப்பிவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. தோர்க்கஸ் சிரியாவுக்குக் கப்பல் பிடிக்கப் போகிறாள். அக்கா உயிரோடிருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அக்கா பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றாள். சமையல்காரன் மகள் ஒரு தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்தான்.

"யவனா மேன்பவர்."

"சார், பத்திரம் வந்துருச்சு! வாசலைத் திறங்க!"

"யாரு பேசறது?"

"கிருபாகரன் சார். கல்வேனுஸ் வீடு."

எழும்பூரில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"சார்?"

"கிருபாகரனா? நீங்களா?" வெண்ணெய் உருகிப் போயிருந்தது. "எட்டு நாளா போன் வரலையே தம்பி. உங்க ஃபைலை குளோஸ் பண்ணிட்டோமே."

"ஏன் சார் குளோஸ் பண்ணீங்க? காய்ச்சல்னு சொல்லி முடிச்சாச்சு. உயில் படிச்சாச்சு. நான் குடிமகன் சார்!"

"சரி... நல்லது... அந்த நாப்பது பேருல எத்தனை பேரு..."

"நாப்பதும் சார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

எழும்பூரில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"தம்பி, நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. அந்த வீட்டை விட்டு ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. வாசலை உள்பக்கமா பூட்டிக்கங்க. நான் மேலிடத்துல பேசிட்டு வரேன்."

"எதுக்கு சார்? பத்திரம் வந்த மறுநிமிஷம்னு சொன்னீங்க."

"சொன்னேன். அது அப்ப."

"என்னோட பேட்ச்ல வந்த சசிதரன் பொம்பெயில இருக்கானே, அவனுக்காவது வாசல் திறப்பீங்களா?"

"அவருக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு தம்பி."

"எதுக்கு ஆறு மாசம்?"

ஜெபநேசன் இருமினார். மூன்று வருடமாகக் கிருபாகரன் பெரிய மனிதர்களின் காதருகே நின்று அவர்கள் இருமலைக் கேட்டிருக்கிறான். சொல்லக்கூடாத ஒன்றை விழுங்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் இருமுகிறார்கள்.

"சார், வாசல்ல ஒம்பது பேர் மூட்டையோட நிக்கறாங்க. காரணம் சொல்லுங்க. சொல்லலைன்னா கதவைத் திறக்கச் சொல்லிடுவேன்."

"தம்பி, கொஞ்சம் கோஆப்பரேட் பண்ணுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அவங்க வெளிய போனா எங்க லைசென்ஸ் மட்டும் இல்ல, இங்க என்னென்ன ஆகும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

கிருபாகரன் தோர்க்கஸைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவள் வாயிற்காப்போனுக்குத் தலையசைத்தாள். வெண்கலக் கீல்கள் முனகின. தெருவின் இரைச்சலும் வெயிலும் ஒன்றாக உள்ளே வந்தன. குழந்தைதான் முதலில் ஓடியது.

"என்ன சத்தம்? தம்பி, கதவா அது? மூடச் சொல்லுங்க! மூடச் சொல்லுங்க!"

"ஏன்னு சொல்லுங்க சார்."

ஒன்பது பேரும் தெருமுனையில் திரும்பி மறைந்தார்கள். பிறகு ஜெபநேசன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வரலாறு மாறக் கூடாதுன்னு கவர்மென்ட் ஒரே ஒரு கண்டிஷன் போட்டுத்தான் தம்பி லைசென்ஸ் குடுத்துச்சு. பின்னாடி ஒருத்தர்கூட மிஞ்சாத வீட்டுக்கோ, எரிமலை மூடப்போற பொம்பெய் மாதிரி ஊருக்கோ மட்டும்தான் ஆள் அனுப்பணும்னு. உங்க கல்வேனுஸைப் பத்தி ஒரு பழைய கல்வெட்டுல ரெண்டே வரி இருக்கு. நாவிதன் கொன்னான்னு ஒரு வரி. நாப்பது அடிமைகளையும் மறுநாளே சிலுவையில ஏத்தினாங்கன்னு இன்னொரு வரி. அந்த ரெண்டாவது வரியைப் பாத்துட்டுத்தான் தம்பி, உங்களுக்கு அந்த வீட்டைப் போட்டுக் குடுத்தோம்."